மேலே படி என்கிறீர்கள், படிக்கட்டு எங்கே?

"எம் பொண்ணு டாக்டரும் இல்லங்கறாங்க, நர்சும் இல்லங்கறாங்க. அப்ப அவ யாருங்க?"

வத்தல்மலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தந்தை எங்களிடம் கேட்ட கேள்வி இது. காபி அவருடைய தோட்டத்தில் விளைந்தது. மகள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் விடுப்பில் வந்தவள், மறுநாள் விடியலில் மலை இறங்க வேண்டும். மலையாளி பழங்குடிப் பெண். பி.எஸ்சி. பிஸிஷியன் அசிஸ்டென்ட் படித்துவிட்டு நான்கு வருடமாக ஒரு நகரத்துத் தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். ஊரில் யாராவது கேட்டால் "பி.ஏ." என்பாளாம். வரலாறா, பொருளாதாரமா என்று திருப்பிக் கேட்பார்களாம்.

அந்தத் தந்தைக்கு அன்று எங்களால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

தோழர்களே, இந்தப் படிப்பு நம் பிள்ளைகள் பலர் வந்து சேரும் இடமாகிவிட்டது. எம்.பி.பி.எஸ். கனவோடு பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பார்கள். குறுக்கே நீட் நிற்கும். 1200-க்கு 1176 எடுத்த அனிதாவுக்கே 2017-இல் கதவைச் சாத்திய தேர்வு அது. அந்தக் கதவு சாத்தப்பட்ட பிறகு, மருத்துவமனைக்குள் நுழைய எஞ்சியிருக்கும் வழி துணை மருத்துவப் படிப்புகள். அவற்றில் ஒன்று இது. மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி.

வேலை என்ன? நோயாளியிடம் விவரம் கேட்டு எழுதுவது, பரிசோதிப்பது, மருத்துவரோடு ரவுண்ட்ஸ் போவது, காயத்துக்கு டிரெஸ்ஸிங் செய்வது, அறுவை அரங்கில் கூட நிற்பது, டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிப்பது, அழும் குடும்பத்துக்கு நிலைமையை விளக்கிச் சொல்வது. கடைசியில் கையெழுத்து மருத்துவருடையது. அது சட்டப்படி சரிதான், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்த நாட்டில் ஒன்றைக் கவனியுங்கள். பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் கை தீட்டு என்றார்கள், அந்தக் கை இல்லாமல் ஒரு பிள்ளையும் பிறக்கவில்லை. தொடுகிற வேலை கீழே, சொல்கிற வேலை மேலே என்ற பழைய ஏற்பாடு வெள்ளை கோட்டுக்குள்ளும் நுழைந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்தியாவில் இந்தப் படிப்பு 1992-இல் சென்னையில் தொடங்கியது. மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை நிபுணர் கே.எம். செரியன் தொடங்கி வைத்தார். அதே 1992-இல், ஜூன் 20 அன்று, இதே தர்மபுரி மாவட்டத்தின் வாச்சாத்தியில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து புகுந்து ஒரு மலையாளி கிராமத்தைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தர்மபுரி நீதிமன்றம் தண்டனை சொன்னது 2011-இல். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். ஒரு சமூகத்துக்கு நீதி வர முப்பது வருடம் எடுத்துக்கொள்ளும் அரசிடம்தான், அதே சமூகத்தின் பிள்ளைகளுக்குப் படிப்பு எங்கே என்று கேட்கிறோம்.

அந்தப் பெண்ணிடம் எல்லோரும் ஒரே யோசனைதான் சொல்கிறார்கள்: "இதோட நிக்காத, மேல படி." மருத்துவமனை மேலாளர் சொல்கிறார். கூட வேலை பார்க்கும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். சம்பள உயர்வு கேட்டால் அதற்கும் இதுதான் பதில். சரி, மேலே படிக்க என்ன இருக்கிறது? அன்று திண்ணையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதல் வழி, அதே துறையில் எம்.எஸ்சி. இது பெரும்பாலும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் சரக்கு. கட்டணம் லட்சங்களில். அங்கே நமக்கு இட ஒதுக்கீடு கிடையாது. தனியார் கல்வி நிறுவனங்களிலும் ஒதுக்கீடு தரலாம் என்று 93-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 2005-லேயே வழி திறந்துவிட்டது. அதை நடைமுறைப்படுத்தும் சட்டத்தைத்தான் ஒன்றிய அரசு இன்றுவரை கொண்டுவரவில்லை.

இரண்டாவது வழி, பொது சுகாதாரத்தில் எம்.பி.எச்., மருத்துவமனை நிர்வாகத்தில் எம்.எச்.ஏ. நல்ல படிப்புகள். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் இரண்டும் உண்டு. ஆனால் அதே நிறுவனத்தில் 2018 பிப்ரவரியில் மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதை மறந்துவிடாதீர்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குத் தகுதியான எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களிடம் முன்பணம் கேட்காமலிருந்த ஏற்பாட்டை நிர்வாகம் கைவிட்டதற்கு எதிரான போராட்டம் அது. இடம் கிடைத்தால் மட்டும் போதாது, இடத்தில் உட்கார்ந்திருக்கவும் காசு வேண்டும்.

மூன்றாவது வழி, வேலையை விடாமல் தொலைநிலையில் படிப்பது. வீட்டுக்குப் பணம் அனுப்புகிற பிள்ளைகளுக்கு ஓரளவு எட்டிய வழி இதுதான். துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று 2025-இல் பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டுவிட்டது. நோயாளியைத் தொட்டுப் படிக்க வேண்டியதைத் தபாலில் படிக்க முடியாது என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரு கதவை மூடுகிறவர்கள் இன்னொன்றைத் திறந்திருக்க வேண்டாமா? நான்கு வருடமாக நோயாளியைத் தொட்டுக்கொண்டேதானே இருக்கிறாள்? அந்த அனுபவத்துக்கு ஒரு மதிப்பெண்ணாவது உண்டா?

நான்காவது வழி, வெளிநாடு. இங்கேதான் ஏஜென்ட்டுகள் வலை விரிக்கிறார்கள், எச்சரிக்கையாக இருங்கள். இந்தப் பணி பிறந்தது அமெரிக்காவில், 1965-இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில். கடற்படையில் மருத்துவ உதவி செய்து திரும்பிய நான்கு பேரோடு ஆரம்பித்த வகுப்பு அது. அனுபவம்தான் அங்கே நுழைவுச்சீட்டாக இருந்தது. இப்போது அந்த நாட்டில் முதுநிலைப் பட்டம் கட்டாயம். ஆனால் பழைய இளநிலைப் பட்டத்தோடு ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களை அவர்கள் தெருவில் விடவில்லை. வேலை செய்துகொண்டே முதுநிலையை முடிக்கும் படிப்புகளைப் பல்கலைக்கழகங்கள் உருவாக்கின. அதற்கு மேலே முனைவர் பட்டம்கூட இருக்கிறது. நம் பட்டத்தை வைத்து அங்கே நேரடியாக உரிமத் தேர்வு எழுத முடியாது. அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்திருக்க வேண்டும். இதை மறைத்துப் பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

சட்டமும் ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. 2021 சட்டத்தின் அட்டவணையில் இவர்கள் பெயர் 'பிஸிஷியன் அசோசியேட்'. கையில் இருக்கும் பட்டத்தில் 'அசிஸ்டென்ட்'. இங்கிலாந்தில் அசோசியேட் என்று அழைத்துவந்தார்கள், 2025 ஜூலையில் வெளியான லெங் அறிக்கை அசிஸ்டென்ட் என்றே மாற்றச் சொன்னது. பெயர் போகும், வரும். மலையிலிருந்து இறங்கிய பெண்ணின் சம்பளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீதம், பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். ஒரு முதுநிலைப் படிப்பில் வருடத்துக்கு 10 இடம் என்று வையுங்கள். பழங்குடிப் பிள்ளைக்கு ஓர் இடம் வர 100 இடம் நிரம்ப வேண்டும். அதாவது பத்து வருடம். அருந்ததியர் பிள்ளைக்கு மூன்று வருடத்துக்கு மேல். முதுநிலையில் இடங்களைச் சிறுசிறு துண்டாக வைத்திருக்கும்வரை ஒதுக்கீடு காகிதத்தில்தான் இருக்கும். யாரும் சட்டத்தை மீறவில்லை, ஆனால் நம் பிள்ளையும் உள்ளே வரவில்லை.

மருத்துவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று பாருங்கள். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலை இடங்களில் தமிழ்நாடு 50 சதவீதம் ஒதுக்கி வந்தது. அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது. எட்டாத மலைப்பகுதியில் பணி செய்த அரசு மருத்துவருக்கு வருடத்துக்கு 10 சதவீதம் வீதம், 30 சதவீதம் வரை ஊக்க மதிப்பெண் தரவும் விதி உண்டு. இந்த ஏற்பாட்டை நாங்கள் ஆதரிக்கிறோம். இது இல்லையென்றால் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர் தங்கியிருக்க மாட்டார். எங்கள் கேள்வி ஒன்றுதான்: மலையில் வேலை செய்த மருத்துவருக்கு மலை ஒரு தகுதி. மலையிலேயே பிறந்து, மலை மக்களின் பேச்சும் பயமும் தெரிந்து, நோயாளியைப் பார்க்கப் படித்த பெண்ணுக்கு அதே மலை ஏன் தகுதி ஆகவில்லை?

அவளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியிடமே இல்லை. 2018-இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் துணை சுகாதார நிலையங்களுக்கு இடைநிலைச் சுகாதாரப் பணியாளர்களை நியமிக்கத் திட்டமிட்டபோது, செவிலியரும் ஆயுர்வேத மருத்துவரும் பட்டியலில் இருந்தார்கள், இவர்கள் இல்லை. 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு சமுதாய சுகாதாரப் பணியாளருக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் பற்றிப் பேசியது. மருத்துவர் சங்கங்கள் தெருவுக்கு வந்து எதிர்த்தன.

அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரைகுறை மருத்துவர்களை ஏழைகளின் தலையில் கட்டாதீர்கள் என்கிறீர்கள். அந்த ஏழைகள் நாங்கள்தான், எங்களுக்கும் அந்தப் பயம் உண்டு. மலைக்கு ஓர் அளவு, நகரத்துக்கு ஓர் அளவு என்ற மருத்துவத்தை நாங்களும் ஏற்கவில்லை. மருத்துவரின் மேற்பார்வை வேண்டும், தேர்வு வேண்டும், பதிவு வேண்டும். ஆனால் சாலை வருவதற்கு முன் இந்த மலையில் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி இறங்கினார்கள். முதலமைச்சர் மலையேறி வந்து மக்களைச் சந்தித்தது 2021 செப்டம்பரில். அதற்கு முந்தைய காலமெல்லாம் இங்கே யார் தரத்தைக் காத்துக்கொண்டிருந்தீர்கள்? தரம் வேண்டுமென்றால் பயிற்சி கொடுங்கள். மேல்படிப்பு என்பது அதுதான்.

நம் பக்கத்துக்குள்ளேயே வரும் மறுப்பையும் சொல்லிவிடுகிறோம். "இன்னொரு பட்டம் வாங்கி என்ன ஆகப்போகிறது? பட்டத்தை விற்கிறவன்தான் கொழுப்பான்" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். பாதி உண்மை. பதவியும் சம்பளமும் இல்லாத பட்டத்துக்குக் காபித் தோட்டத்தை அடகு வைக்காதே என்றுதான் அந்தப் பெண்ணிடம் நாங்களும் சொன்னோம். ஆனால் படிப்பே வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. பாபாசாகேப் பரோடா மன்னரின் உதவித்தொகைக் காலம் முடிந்து 1917-இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேமித்தார், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியும் கிடைத்தது, 1920-இல் மறுபடியும் லண்டன் போனார். 1921-இல் எம்.எஸ்சி., 1923-இல் டி.எஸ்சி. வேலைக்குப் போனபின் மேல்படிப்புக்குத் திரும்பிய மனிதர்தான் நமக்கு அரசியல் சட்டம் எழுதினார். அவருக்கு உதவ ஒரு மகராஜ் தேவைப்பட்டார். குடியரசில் அந்த வேலையை அரசு செய்ய வேண்டும்.

அதனால் கேட்கிறோம். பி.எஸ்சி. நடத்தும் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் முதுநிலை இடங்கள் வேண்டும், 2008-இல் தொடங்கிய தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி உட்பட. இடங்களைத் துண்டு துண்டாக வைக்காமல் மாநிலம் முழுக்க ஒன்றாகச் சேர்த்து ஒதுக்கீட்டைக் கணக்கிட வேண்டும். பணியனுபவத்துக்கும் மலைப்பகுதியிலிருந்து வந்ததற்கும் மதிப்பெண் வேண்டும். படிக்கும் காலத்துக்கு உதவித்தொகை வேண்டும். படித்து முடித்தவருக்கு மலை ஆரம்ப சுகாதார நிலையங்களில் நிரந்தரப் பணியிடம் வேண்டும்.

இளம் தோழர்களுக்கு இன்றே செய்யக்கூடிய வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் இந்தப் படிப்பு முடித்தவர்களைத் தேடிப் பட்டியல் எடுங்கள். பணி அனுபவச் சான்றை வேலையை விடும்போது அல்ல, வேலையில் இருக்கும்போதே எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமான வரம்பு 2.5 லட்சம், சான்றிதழில் தப்பான தொகை ஏறாமல் கூடவே நின்று பாருங்கள். பழங்குடிச் சான்று தருவது கோட்டாட்சியர், சேர்க்கை நேரத்தில் ஓடாமல் இப்போதே மனு போடுங்கள். 7.5 லட்சம் வரையான கல்விக் கடனுக்கு வங்கி சொத்து அடமானம் கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு முதுநிலைக்கு ஒன்றிய அரசின் உதவித்தொகையில் பட்டியல் சாதியினருக்கு 115 இடமும் பழங்குடியினருக்கு 20 இடமும் உண்டு. மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலகக் கல்வித் திட்டமும் உண்டு. அந்த இடங்கள் நமக்குத் தெரியாததால் வீணாகக் கூடாது.

மறுநாள் அதே பேருந்தில்தான் நாங்களும் இறங்கினோம். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். அவள் பையில் மிளகும் சாமையும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். "நான் திரும்பி வந்து இங்கேயே வேலை பாக்க முடியுமாக்கா?" என்று எங்களோடு வந்த தோழரிடம் கேட்டாள். மேலே படித்து நகரத்தில் பெரிய ஆளாவது பற்றி அவள் கேட்கவே இல்லை.

உங்கள் மகள் யார் என்று கேட்டீர்களே அய்யா, இப்போது சொல்கிறோம். நோயாளியைத் தொட்டுப் பார்க்கப் படித்தவள். இந்த மலைக்குத் தேவையான ஆள். அவளுக்கு ஒரு பதவியும் மேலே ஏற ஒரு படியும் வைக்க மறந்தது அரசு. மறந்ததை நினைவூட்டத்தான் நாம் சங்கமாகச் சேர வேண்டும்.

ஜெய் பீம்.