நிலக்கரியிலிருந்து பெற்றோல் வருமா?



2022இல் எண்ணெய் நிலைய வரிசையில் இரவைக் கழிக்காத வாப்பாமாரோ நானாமாரோ கண்டியில் உண்டா? கட்டுகஸ்தோட்டையில் வரிசை வளைந்து வளைந்து போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்நாட்களில்தான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த என் மகள் கேட்டாள்: "உம்மா, நுரைச்சோலைக்குக் கப்பல் கப்பலா நிலக்கரி வருகுதே, அதைப் பெற்றோலாக்க ஏலாதா?"

ஏலும். ஜேர்மன் விஞ்ஞானி பெர்கியஸ் 1913இலேயே அதற்கு வழி கண்டார். 1931இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். போதிய எண்ணெய் வளமில்லாத ஜேர்மனி, இரண்டாம் உலகப் போரில் தன் விமானங்களைப் பெரும்பாலும் நிலக்கரி எரிபொருளில்தான் பறக்கவிட்டது.

நிலக்கரியில் ஐதரசன் குறைவு. அதைத் தூளாக்கி, எண்ணெயில் குழைத்து, சுமார் 450 பாகை செல்சியஸ் வெப்பத்தில், கடும் அமுக்கத்தில் ஐதரசனை ஊட்ட வேண்டும். வெப்பத்தில் நிலக்கரி மூலக்கூறுகள் உடையும். உடைந்த துண்டுகளோடு உடனே ஐதரசன் சேராவிட்டால் அவை திரும்ப ஒட்டிக்கொண்டு கரியாகிவிடும். அந்த அவசரத்துக்குத்தான் ஊக்கி தேவை. ஊக்கியை உருண்டைகளாகப் போட்டால் சாம்பலும் தாரும் படிந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே மிக நுண்ணிய இரும்புத் துகள்களைக் குழம்பு முழுவதும் பரப்பிவிடுகிறார்கள். உறை மோரைப் பாலின் ஓரத்தில் ஊற்றிவிட்டுப் போகாமல் கலக்கி விடுகிறோமே, அதுபோல. (உறை பெருகும், ஊக்கி பெருகாது. உவமை அவ்வளவுதான்.) கந்தகத்தோடு சேர்ந்தால் இரும்பு நன்கு வேலை செய்யும். மலிவானது என்பதால் சக்கையோடு போனாலும் கவலையில்லை. மொலிப்டினம் இதைவிடத் திறமானது. ஆனால் விலை அதிகம், திரும்ப மீட்டெடுக்க வேண்டும்.

சீனாவின் ஷென்ஹுவா நிறுவனம் 2008இல் உள்மங்கோலியாவின் ஓர்டோஸில் இயக்கத் தொடங்கிய பெரிய ஆலை இரும்புத் துகள் முறையில் அமைந்ததே. ஆண்டுக்குச் சுமார் 10 இலட்சம் தொன் எண்ணெய் என்பது அதன் கொள்ளளவு.

நமக்கு? இங்கே நிலக்கரிச் சுரங்கம் இல்லை. நுரைச்சோலையின் 900 மெகாவாட்டுக்கு எரிப்பதெல்லாம் இறக்குமதி. 2022இல் எண்ணெய் வராமல் போனது டொலர் இல்லாததால். நிலக்கரிக்கும் அதே டொலர்தானே கொடுக்க வேண்டும்? போதாதற்கு, ஐதரசனையும் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்தே எடுப்பதால் கரியமில வாயு இரட்டிப்பாகக் கிளம்பும். நமக்குச் சரிவராது என்பதே என் எண்ணம்.

மகள் விடவில்லை. "அப்போ ஐதரசனை விக்டோரியா மின்சாரத்தால தண்ணியிலிருந்து எடுத்தா?"

அது வேறு கணக்கு. அடுத்த மாதம் பார்ப்போம்.