நூல்கள் குடிபெயர்ந்த மாளிகை

ஒரு நூலகத்திலிருந்து நூல்கள் யாவும் வெளியேறிவிட்டால், எஞ்சி நிற்கும் கட்டடத்தை என்ன செய்வது? இடித்துவிட்டு மனையை விற்றுவிடலாம் என்பதே நம்மில் பலருக்கு முதலில் தோன்றும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்தார் வேறு விடை கண்டனர்.

1906-ஆம் ஆண்டின் நிலநடுக்கமும் பெருந்தீயும் அந்நகரை அழித்தன. மீண்டெழுந்த நகரம் 1917-இல் தன் நடுவே பொது நூலகத்துக்கென ஒரு மாளிகையை எழுப்பியது. உயர்ந்த கூடங்கள், அகன்ற கற்படிகள், சுவர்களிற் பொறித்த வாசகங்கள் என அது கம்பீரமாய் நின்றது. 1989-இல் நேர்ந்த மற்றொரு நிலநடுக்கம் அதனைச் சேதப்படுத்தியது. 1996-இல் அருகிலேயே புதிய நூலகம் திறக்கப்பட, நூல்கள் அங்குக் குடிபெயர்ந்தன. பயனற்றுப்போன பழைய அட்டவணைச் சீட்டுகளையும் அவர்கள் எறிந்துவிடவில்லை. ஏறத்தாழ 50,000 சீட்டுகளைப் புதிய நூலகத்தின் சுவர்களில் பதித்து வைத்தனர். கிதாபுகளை ஓர் அலமாரியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதே மனம் கலங்கும் என் போன்றோருக்கு இது ஆறுதலளிக்கும் செய்தியாகும்.

காலியான மாளிகை, ஆசியக் கலை அருங்காட்சியகத்துக்கு அளிக்கப்பட்டது. பாரிசில் பழைய ரயில் நிலையமொன்று ஓர்சே அருங்காட்சியகமாக மாறியபோது அதன் உட்புறத்தை வடிவமைத்த இத்தாலியப் பெண்மணி காயே அவுலெந்தியே இங்கும் பொறுப்பேற்றார். கட்டடத்தின் நடுப்பகுதியில் கண்ணாடிக் கூரை வழியே பகலொளி இறங்கிற்று. நிலம் குலுங்கினும் அதிர்வு முழுவதும் மேலேறாதவாறு அடித்தளத்தில் தாங்கிகள் பொருத்தப்பட்டன. கற்படிகளும் பெருங்கூடமும் காக்கப்பட்டன. 2003 மார்ச் மாதத்தில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அன்று நூல் தேடி ஏறிய படிகளில், இன்று பாரசீகத்து மட்கலங்களையும் சீனத்து வெண்கலங்களையும் காண மக்கள் ஏறுகின்றனர்.

ஆயினும் ஒரு குறை உண்டு. கொத்தார்தோ பியாசோனி என்னும் ஓவியர் அந்நூலகத்துக்கென்றே கலிபோர்னியாவின் நிலத்தையும் கடலையும் துணியில் தீட்டிய 14 பெரும் ஓவியங்கள் இருந்தன. புதிய அமைப்பில் அவற்றுக்கு இடமில்லை எனப்பட்டது. பழமை பேணுவோர் கடுமையாக எதிர்த்தும், ஓவியங்கள் அகற்றப்பட்டன. வெளிச்சம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த இடத்துக்கென்றே பிறந்த பொருளை அங்கிருந்து அகற்றியபின், கட்டடத்தை முழுமையாகக் காத்தோம் என்று எவ்வாறு கூறுவது? அவற்றுள் பத்து ஓவியங்கள், அதே நகரில் 2005-இல் புதுக்கட்டடம் கண்ட டி யங் அருங்காட்சியகத்தில் தனி அறையொன்றில் இடம்பெற்றன.