வாடகை வீட்டிலும் நிற பேதம்!

சம்பளம் வந்ததும் முதலில் எடுத்து வைக்க வேண்டிய பணம் எது? வாடகைப் பணம்தான். அரிசியைக் குறைத்து வாங்கலாம். துணி எடுப்பதைத் தள்ளிப் போடலாம். வாடகையைத் தள்ளிப் போட முடியாது. போட்டால், சட்டி பானை தெருவுக்கு வந்துவிடும்.

செல்வம் கொழிக்கும் நாடு என்று பேர் எடுத்த அமெரிக்காவிலும் இதே கவலைதான். அங்கே வாடகைக்குக் குடியிருப்பவர்களில் சுமார் பாதிக் குடும்பங்கள் வாடகைச் சுமையால் தவிக்கின்றன. ஆனால், அந்தச் சுமை எல்லோர் தலையிலும் ஒரே அளவாக இல்லை. வெள்ளையரைவிடக் கறுப்பர் தலையில்தான் அது அதிகமாக அழுத்துகிறது.

நூற்றுக்கு முப்பது

அமெரிக்க சர்க்கார் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு குடும்பத்தின் வருமானம் 100 டாலர் என்றால், வீட்டுச் செலவு 30 டாலருக்குள் அடங்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் அது 'சுமை'. 50-ஐத் தாண்டினால் 'கடும் சுமை'.

2023-ம் வருஷக் கணக்கை அந்த நாட்டின் ஜனத்தொகைக் கணக்கு இலாகா வெளியிட்டது. வாடகை வீட்டில் இருக்கும் கறுப்பர் குடும்பங்களில் 100-க்கு 56 குடும்பங்கள் சுமையில் சிக்கியிருந்தன. வெள்ளையர் குடும்பங்களில் இது 100-க்கு சுமார் 47.

சொந்த வீடு இருந்தால் வாடகை ஏறுவதைப் பற்றிக் கவலை இல்லை. வெள்ளையரில் நான்கில் சுமார் மூன்று குடும்பங்களுக்குச் சொந்த வீடு உண்டு. கறுப்பரில் பாதிக் குடும்பங்களுக்குக்கூட இல்லை. எனவே, வாடகை ஏறும்போது அதிகம் அடிபடுகிறவர்கள் அவர்களே.

சிவப்பு வர்ணம்

இந்த நிலை எப்படி வந்தது?

தெற்கு மாகாணங்களின் கொடுமை தாங்காமல், 1916 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பர்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் போன்ற நகரங்களுக்குப் போனார்கள். வேலை கிடைத்தது. வீடு கிடைக்கவில்லை!

'கறுப்பருக்கு விற்கக் கூடாது. வாடகைக்கு விடவும் கூடாது' என்று பல வீடுகளின் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதி வைத்திருந்தார்கள். அத்தகைய நிபந்தனையைக் கோர்ட்டுகள் அமல் செய்யக் கூடாது என்று 1948-ல்தான் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

சர்க்காரும் இதற்குத் துணை போயிற்று. 1930-களில் ஒரு சர்க்கார் கடன் நிறுவனம் நகரங்களுக்குப் படம் வரைந்தது. கறுப்பர் வாழ்ந்த பேட்டைகளுக்குப் பெரும்பாலும் சிவப்பு வர்ணம் பூசியது. 'இங்கே கடன் கொடுப்பது ஆபத்து' என்று அதற்கு அர்த்தம். கடன் இல்லாததால் சொந்த வீடு வாங்க முடியவில்லை.

ஜனங்கள் பெருகினார்கள், அவர்களுக்குத் திறந்திருந்த பேட்டையோ சிறியது. ஒரு வீட்டைப் பல சிறு அறைகளாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தை வைத்தார்கள். மட்டமான வீட்டுக்கு அதிக வாடகை! வேறு எங்கும் போக முடியாதவனிடம் கேட்டதுதானே விலை?

கிங் குடியேறிய வீடு

1966 ஜனவரியில் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங், சிகாகோவில் கறுப்பர் வாழும் மேற்குப் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் குடியேறினார். அந்த ஜனங்களின் அவதியை உலகம் பார்க்க வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆகஸ்டு மாதம், வெள்ளையர் வாழும் பகுதியில் அவர் ஊர்வலம் போனார். கல் பறந்து வந்து அவர் தலையில் பட்டது.

1968 ஏப்ரல் 4-ந் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 11-ந் தேதி, ஜனாதிபதி ஜான்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நிறம், இனம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றைக் காரணம் காட்டி வீடு மறுப்பது குற்றம் என்று அந்தச் சட்டம் சொன்னது.

சிரித்த முகம்

பேதம் ஒழிந்ததா? 2012-ல் சர்க்காரின் வீட்டு இலாகா சோதித்துப் பார்த்தது. ஒரு வெள்ளையர், ஒரு கறுப்பர். இருவருக்கும் ஒரே மாதிரி வருமானம், ஒரே மாதிரி தகுதி. இருவரும் தனித்தனியே போய் ஒரே வீட்டைப் பற்றி விசாரிக்க வேண்டும். 28 நகர வட்டாரங்களில் இப்படி 8,000-க்கு மேற்பட்ட சோதனைகள் நடந்தன.

வாசலில் நின்று விரட்டும் பழைய வழக்கம் குறைந்திருந்தது. ஆனால், கறுப்பரிடம் சொல்லப்பட்ட காலி வீடுகளின் எண்ணிக்கை, வெள்ளையரிடம் சொன்னதைவிட 100-க்கு சுமார் 11 குறைவு. ஆசிய நாட்டவருக்கு 100-க்கு சுமார் 10 குறைவு.

முகத்துக்கு நேரே 'இல்லை' என்றால் கோர்ட்டுக்குப் போகலாம். சிரித்துக்கொண்டே மறைத்தால் என்ன செய்வது? தமக்கு அநியாயம் நடந்தது என்பதே அந்த மனிதருக்குத் தெரியாதே!

சட்டம் மட்டும் போதாது

வீடு மறுப்பவரைச் சட்டம் தண்டிக்கும். வாடகையை அது குறைக்காது, சம்பளத்தையும் உயர்த்தாது. கறுப்பர் குடும்பத்தின் நடுத்தர வருமானம், வெள்ளையர் குடும்பத்தின் வருமானத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். தாத்தா வீடு வாங்க முடியவில்லை. அதனால் பேரனுக்குச் சொத்து இல்லை. சொத்து இல்லாததால் முன்பணம் கட்டக் கையில் காசு இல்லை. வாடகை பாக்கி என்று ஒரு முறை வழக்கு வந்துவிட்டால், அடுத்த வீட்டுக்காரரும் அந்தப் பதிவைப் பார்த்துத் தயங்குகிறார்.

ஏழைகளின் வாடகையில் ஒரு பகுதியைச் சர்க்காரே கட்டும் திட்டம் 1974-ல் வந்தது. குடியிருப்பவர் தம் வருமானத்தில் 100-க்கு சுமார் 30 கொடுத்தால் போதும். அருமையான திட்டம்! ஆனால், வாடகை உதவி பெறத் தகுதி உள்ள நான்கு குடும்பங்களில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது. மற்றவர்கள் வருஷக் கணக்கில் காத்திருக்கிறார்கள்.

உதவித் தொகை பெருக வேண்டும். எளியவர்களுக்கு ஏற்ற வீடுகள் கட்டப்பட வேண்டும். மறைமுகமாகப் பேதம் காட்டுகிறவர்களைப் பிடிக்கச் சோதனைகள் தொடர வேண்டும். கதவின் பூட்டை 1968-ம் வருஷச் சட்டம் திறந்துவிட்டது. உள்ளே போய்க் குடியிருக்க வழி செய்வதுதான் பாக்கி.