நண்டு தின்றால் தீர்ந்துவிடுமா?

"பிளாஸ்டிக்கை நண்டே தின்னுடுதாமே, அப்புறம் நமக்கென்ன கவலை?" என்று போன வாரம் வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம்ம ஊருக்குக் கடல் தூரம். ஆனால் நண்டு வளை நமக்குத் தெரியும். வரப்பில் ஓட்டை போட்டு வயல் தண்ணீரையே வேறு பக்கம் விட்டுவிடும். (எங்க தாத்தா அதைத் திட்டாத நாளே இல்லை!) பிச்சாவரம் அலையாத்திக் காட்டுச் சேற்றிலும் இதே வேலைதான். அங்கே சின்ன நண்டுகள் உண்டு. ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கும். சேற்றை அள்ளி வாயில் வைத்து, தின்னக்கூடியதை எடுத்துக்கொண்டு, மீதியைக் குட்டிக் குட்டி உருண்டையாகப் போட்டுவிடும். வளை தோண்டும்போது அடிச்சேறு மேலே வரும். கடல்நீர் ஏறி இறங்கும்போது மேலே கிடந்த குப்பைத் துணுக்கு வளைக்குள் போகும்.

கொலம்பியா நாட்டு அலையாத்திக் காட்டில் பிளாஸ்டிக் நுண்மணிகளைத் தூவிச் செய்த ஆய்வு 2025-ல் வெளியானது. சேற்றில் இருந்ததைப்போல 13 மடங்கு, நண்டுகளின் உடம்பில் சேர்ந்திருந்ததாம். நண்டின் வயிற்றுக்குள் அரைக்கும் பல் உண்டு. அது பிளாஸ்டிக்கை இன்னும் பொடியாக்குகிறது. பொடியாவது வேறு, இல்லாமல் போவது வேறு! வெயில் படாத சேற்றில் புதைந்தது பல வருஷம் அப்படியே கிடக்கும். இன்னொரு நண்டு தோண்டினால் மறுபடி மேலே வரும். நண்டைத் தின்னும் மீனுக்கும் கொக்குக்கும் போகும். கண்ணில் படவில்லை என்பதற்காகக் கரை சுத்தம் என்று சொல்லலாமா?

நமக்கும் பிச்சாவரத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. காவிரி வெள்ளம் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குப் பிரிகிறது. கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் பிச்சாவரம். நாம் சாக்கடையில் போடும் கவருக்கு அதுவரை வழி திறந்தே இருக்கிறது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரி பேக்குக்குத் தடை. ஆனாலும் மழை விட்ட மறுநாள் நம் பள்ளிக்குப் பின்னால் உள்ள வாய்க்காலை எட்டிப் பாருங்கள், தெரியும். கோழிப் பண்ணைகளில் பழைய கம்பி வலை சும்மாதான் கிடக்கிறது. ஒரு துண்டு வாங்கி வந்து வாய்க்கால் முனையில் கட்டலாம். சனிக்கிழமைதோறும் குப்பையை அள்ள நான் தயார். கூட இரண்டு பேர் வேண்டும். பசுமைப் படை ஆசிரியரிடம் பெயர் கொடுங்கள்.