சான்றோர் பட்டியலில் சிவப்பு மை

செம்பட்டியில் இவ்வாண்டு மீலாது விழாவையொட்டி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி ஒன்று நடந்தது. தலைப்பு, 'நம் சமுதாயத்துச் சான்றோர்'. தாள் திருத்திய மூவரில் நாமும் ஒருவர். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி உமறுப் புலவர், சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், காயிதே மில்லத் என வரிசையாக எழுதி, அவர்களோடு கவிஞர் கா.மு. ஷெரீப், இசைமுரசு நாகூர் ஹனீபா, சித்தி ஜுனைதா பேகம், சல்மா ஆகிய நால்வரையும் சேர்த்திருந்தாள். உடனிருந்த பெரியவர் அந்த நான்கு பெயர்களையும் சிவப்பு மையால் அடித்தார். "சினிமாவுக்கு எழுதியவரும், பாட்டுக்காரரும், கதை எழுதும் பெண்டிரும் சான்றோரா?" என்றார். அவர் அதைச் சொன்ன நேரத்தில் பந்தலின் ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? அதே ஹனீபாதான்!

அன்று நாம் வாய் திறக்கவில்லை. மூத்தவர் என்ற மரியாதை தடுத்தது. அந்த மௌனம் உறுத்துவதாலேயே இதை எழுதுகிறோம்.

பாட்டும் படமும் ஆகுமா, ஆகாதா என்பது பிக்ஹு நூல்களில் ஆராய வேண்டிய மஸ்அலா. அதில் நமக்கும் கண்டிப்பான கருத்துண்டு. ஆனால், யார் வாழ்ந்தார், என்ன செய்தார் என்று பதிந்து வைப்பது வரலாறு. இரண்டையும் குழப்பிக்கொள்வது நம் முன்னோர் வழக்கமன்று. இப்னு கல்லிகான் (1211–1282) டமாஸ்கஸ் நகரின் தலைமைக் காஜியாக இருந்தவர். அவர் தொகுத்த 'வஃபயாத்துல் அஃயான்' என்னும் பெருநூலில் இமாம்களும் இருக்கிறார்கள். அப்பாசிய கலீபாக்களின் அவையில் பாடிப் புகழ்பெற்ற இஸ்ஹாக் மவ்ஸிலியும் இருக்கிறார். அந்தக் காஜியாருக்குத் தெரியாத மார்க்கச் சட்டமா நம் விழா மேடைக்குத் தெரிந்துவிட்டது?

1949இல் அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காகப் பேசினார் என்று காயிதே மில்லத்தைப் போற்றுகிறோம், சரியே. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்தில் அதே தமிழுக்காகப் பாடுபட்ட ஷெரீபை (1914–1994) மட்டும், திரைக்குப் பாட்டெழுதினார் என்று தள்ளுவானேன்?

சித்தி ஜுனைதாவின் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அவர் 1938இல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டபோது அதற்கு முன்னுரை தந்தவர் உ.வே. சாமிநாதையர். ஐயரவர்கள் மதித்த எழுத்து நம் பெரியவரின் ஒரு கோட்டில் போயிற்று! துவரங்குறிச்சியில் பிறந்த சல்மா, வீட்டாருக்குத் தெரியாமல் புனைபெயரில் எழுதியவர். 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' தந்தார். 2025இல் மாநிலங்களவைக்கே சென்றார். அவர் எழுதியதெல்லாம் நமக்கு உடன்பாடன்று. சில பக்கங்களை வருத்தத்தோடுதான் படித்தோம். மறுக்க வேண்டுமானால் மறுப்புக் கட்டுரை எழுதுவோம். பெயரை அடித்துவிட்டால் ஆள் இல்லாமற் போய்விடுவாரா?

பிற நாட்டார் செய்வதையும் பாருங்கள். மேஷா செலிமோவிச், பொஸ்னிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த நாவலாசிரியர். 1966இல் 'தர்வேசும் மரணமும்' எழுதிப் பெயர் பெற்றவர். செர்பியர் அவரை எங்களவர் என்கிறார்கள். பொஸ்னியரோ, இல்லை, எங்களவர் என்கிறார்கள். ஓர் எழுத்தாளருக்காக இரு சமுதாயங்கள் வழக்காடுகின்றன. நாமோ நம் வீட்டுப் பிள்ளைகளையே வாசலுக்கு வெளியே நிறுத்துகிறோம்.

அடிக்கப்பட்ட நான்கு பெயர்களுக்கும் உரிய மதிப்பெண்ணை அந்தப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்குமாறு விழாக் குழுவினருக்கு எழுதியிருக்கிறோம். மறுமொழி இன்னும் வரவில்லை.