வேம்பை வெட்டிவிட்டு மலையேறுவதா?

கோடை விடுமுறை வந்தால் நம் பங்குகளில் ஒரு வழக்கம் உண்டு. பேருந்து ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு மலைக்குப் புறப்பட்டுவிடுவோம். நாமும் பங்கு மக்களோடு புறப்பட்டோம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு சென்று, பின் சேர்வராயன் மலைச் சிற்றூரான செம்மநத்தம் சேர்ந்தோம். காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களையும் அவற்றைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகளையும் வழியெங்கும் கண்டோம். உடன் வந்த மூதாட்டி ஒருவர், "சாமி, இங்க மூச்சு எவ்வளவு லேசா இருக்கு! நம்ம ஊர்ல இது இல்லியே" என்றார். ஏன் இல்லை என்ற வினா அன்று முதல் நம்மை உறுத்துகிறது.

விடையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. திரும்பிய வாரமே கூடிய பங்குப் பேரவையில், ஆலய முற்றத்து வேப்பமரத்தை வெட்ட வேண்டும் என்றொரு தீர்மானம் வந்தது. இலை உதிர்கிறதாம், காக்கை எச்சமிடுகிறதாம், திருவிழாவன்று வண்டிகளை நிறுத்த இடமில்லையாம். சிமென்ட் கல் பதித்துவிட்டால் முற்றம் துப்புரவாக இருக்குமாம். மலையில் மரத்தடியில் அமர்ந்து மகிழ்ந்தவர்களே இதற்குக் கை உயர்த்தினார்கள். அவர்களை மட்டும் குறை கூறும் தகுதி நமக்கில்லை. முன்பு பணியாற்றிய பங்கில் இரண்டு மரங்களை வெட்ட இசைவு தந்து கையொப்பமிட்டவர்கள் நாமே. அந்த முற்றத்தில் இன்று நண்பகலில் கால் வைக்க இயலாது.

மரத்தால் உடல்நலம் வருமா என்று நகைப்போர் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றோரின் பதிவேடுகளை ஆராய்ந்து, ராஜர் உல்ரிக் என்னும் அறிஞர் 1984-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரை மட்டுமே கண்ட 23 பேரைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு, வாரத்தில் 120 நிமிடங்களேனும் இயற்கைச் சூழலில் கழித்தோர் நல்ல உடல்நலமும் மனநிறைவும் உடையோராயிருந்ததைக் கண்டது. மரமே காரணம் என்று அது அறுதியிட்டுச் சொல்லவில்லை, தொடர்பை மட்டுமே காட்டியது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நேரத்தை ஒரே நாளில் கழித்தாலும், பல நாள்களாகப் பிரித்துக்கொண்டாலும் வேறுபாடு தெரியவில்லை. கணக்கு வாரத்திற்கு உரியது. ஆண்டுக்கொருமுறை பேருந்தேறும் நமக்கு இதில் பாடம் இல்லையா?

"ஏழைக்குத் தேவை மருந்து, மரமல்ல" என்பர் சிலர். செம்மநத்தத்தில் காய்ச்சல் கண்ட பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த தாய் ஒருத்தி, "காத்து நல்லாத்தான் இருக்கு சாமி, ஆனா பெரிய வைத்தியம்னா சேலம்தான் போகணும்" என்றார். அவர் சொல் மெய். மரம் மருத்துவருக்கு ஈடாகாது. உல்ரிக் கண்ட நோயாளிகளும் அறுவைச் சிகிச்சை பெற்ற பின்னரே மரத்தைப் பார்த்துத் தேறினர். ஆனால் மருத்துவரும் மரமும் ஒருவருக்கொருவர் பகைவரா? மலைக்கு மருத்துவர் வேண்டும். சமவெளிக்கு நிழல் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது நேர்மையன்று.

"ஆன்மாவின் மீட்பைப் பேச வேண்டிய குரு மரத்தைப் பேசுவதா?" என்பர் வேறு சிலர். அவர்கள் அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்தைத் திறக்கட்டும். உயிருக்கு அஞ்சி ஓடிய எலியா, சாவை விரும்பிச் சூரைச் செடியின் அடியில் படுத்தார். ஆண்டவர் அவருக்கு முதலில் அறிவுரை கூறவில்லை. உறங்க விட்டார். அப்பமும் நீரும் தந்தார். மீண்டும் உறங்க விட்டார். ஓரேபு மலையும், அங்கே எழுந்த கேள்வியும் அதற்குப் பின்னரே. சோர்ந்த மனிதனுக்கு ஆண்டவர் அளித்த முதல் மருத்துவமனை ஒரு செடியின் நிழல்!

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தந்த 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலின் 44, 45-ஆம் பத்திகளும் இதையே பேசுகின்றன. சிமென்டிலும் தாரிலும் மூழ்கி, இயற்கையின் தொடுகையை இழந்து வாழ நாம் படைக்கப்படவில்லை என்கிறார். வசதியானோர் பகுதிகளில் பசுமை செழிக்க, எளியோர் வாழுமிடங்களில் அது இல்லாதிருப்பதையும் கடிந்துரைக்கிறார். பேருந்துக் கட்டணம் தர இயலாத நம் அன்பியத்துக் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்குச் செம்மநத்தம் எட்டாது. ஆலய முற்றத்து வேம்பு எட்டும். அதையும் வெட்டினால் அவர்கள் எங்கே போவார்கள்?

தீர்மானம் இப்போதைக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. நாம் கேட்பது அதிகமில்லை. மரம் நிற்கட்டும். அடியில் ஒரு கல் இருக்கை அமையட்டும். மறைக்கல்வி வகுப்பு அங்கே நடக்கட்டும். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வண்டியைக் கிளப்பாமல் கால் மணி நேரம் அங்கே அமர்வோம். நோயுற்றோரையும் முதியோரையும் அழைத்து வந்து அமர்த்துவோம். உதிரும் இலையைக் கூட்ட ஒரு விளக்குமாறு போதும். வெட்டிய வேம்பின் நிழலுக்கு ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.