காதுக்கும் வட்டி கேட்கும் கம்பெனிகள்

கலியாணத்துக்குக் கடன், காளை மாட்டுக்குக் கடன், பிள்ளையின் படிப்புக்குக் கடன் என்று தலைமுறை தலைமுறையாகக் கடனில் மூழ்கிக் கிடக்கும் உழைப்பாளி மக்களிடம், இப்போது பாட்டுக் கேட்கவும் கடன் வாங்கு என்று சொல்ல ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. காதில் செருகிக்கொள்ள இரண்டு மொட்டுகள். அதற்கு மாதத் தவணை. தவணை தவறினால் அபராதம். "வட்டியில்லாத் தவணை" என்பது விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். "பிராசசிங் கட்டணம்" என்பது பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும்.

"ஹெட்செட் வாங்குவது அவரவர் இஷ்டம், இதில் என்ன அரசியல்?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அரசியல் இருக்கிறது, தோழர்களே! கூலியை வாங்கிய கை, அதை எவன் பெட்டியில் போடுகிறது என்பதும் அரசியல்தான். பஞ்சாலையில் எட்டு மணி நேரம் இரைச்சலுக்குக் கொடுத்த காதை, மிச்ச நேரத்தில் எதற்குக் கொடுக்கிறோம் என்பதும் அரசியல்தான். பாட்டுக் கேட்காதே என்று நாம் சொல்லவில்லை. உழைப்பவனுக்கு ஓய்வு உரிமை. ஓய்வில் பாட்டும் உரிமை. அந்த உரிமைக்கு இவர்கள் கேட்கும் விலை நியாயமா என்பதே நமது கேள்வி.

விலை வேறு, ஓசை வேறு

"விலை அதிகமென்றால் ஓசை நன்றாக இருக்கும்" என்பது கம்பெனிக்காரர்கள் ஊதும் முதல் பொய். 2017ல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்துப் பார்த்தார். அடித்தொண்டை ஓசையிலிருந்து உச்சக் குரல் வரை ஒவ்வொன்றையும் எந்த அளவில் தருகிறது என்ற கணக்கை விலையோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் அவர் கண்ட முடிவு. அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஏட்டிலேயே அது அச்சாகியிருக்கிறது.

அடுத்த பொய், "உயர்தர ஒலி". 1982ல் வந்த சாதாரண காம்பாக்ட் டிஸ்க் அளவு போதாது, அதைவிட நுட்பமான பதிவு வேண்டும், அதற்கேற்ற கருவி வேண்டும் என்று ஒரு பிரசாரம் நடக்கிறது. 2007ல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். உயர்ரகப் பதிவை அப்படியே ஒரு முறையும், அதையே சாதாரண டிஸ்க் தரத்துக்கு இறக்கி ஒரு முறையும் போட்டுக் காட்டி, எது எது என்று சொல்லச் சொன்னார்கள். 554 தடவை கேட்டதில் 276 தடவை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா பார்த்தாலும் இதே கணக்குத்தான் வரும்!

மனிதக் காது கேட்பது வினாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரைதான். வயது ஏற ஏற மேல் எல்லை தானாகவே இறங்கும். ஆனால் பெட்டியில் "40,000 ஹெர்ட்ஸ்" என்று அச்சடித்து அதற்கும் விலை போடுகிறார்கள். மனிதனுக்கு விற்கிறார்களா, வௌவாலுக்கு விற்கிறார்களா?

எல்லா ஹெட்செட்டும் ஒன்றுதான் என்று நாம் வாதாடவில்லை. நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. விலை கூடினால் சிலவற்றில் உறுதி கூடும்; வெளி இரைச்சலைக் குறைக்கும் அமைப்பு கூடும். ஆனால் 2020ல் ஆப்பிள் கம்பெனி 59,900 ரூபாய்க்கு ஒரு ஹெட்போனை இந்தியச் சந்தையில் இறக்கியதே, அந்தப் பணத்தில் எத்தனை பங்கு ஓசைக்கு, எத்தனை பங்கு பகட்டுக்கு? நாற்று நடும் பெண் அந்தத் தொகையைச் சேர்க்க எத்தனை நாள் சேற்றில் நிற்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெயர் பத்து, பெட்டி ஒன்று

"போட்டி இருக்கிறது, போட்டியால் விலை குறையும்" என்று பொருளாதாரப் புலிகள் கூறுகிறார்கள். கடையில் தொங்கும் பெயர்களைப் பாருங்கள்: ஜேபிஎல், ஏகேஜி, ஹார்மன் கார்டன், இன்பினிடி. நான்கு பெயர், முதலாளி ஒருவன். இவை எல்லாம் ஹார்மன் கம்பெனியின் சொத்து. அந்த ஹார்மனை 2017ல் சுமார் 800 கோடி டாலருக்குச் சாம்சங் விழுங்கியது. 2025ல் டெனான், மராண்ட்ஸ், போல்க், பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் ஆகிய பெயர்களும் அதே வயிற்றுக்குள் போயின. 2014ல் பீட்ஸ் கம்பெனியை 300 கோடி டாலருக்கு ஆப்பிள் வாங்கியது. ஏகபோகம் என்று நாம் சொன்னால் பழைய பாட்டு என்கிறார்கள். பாட்டு பழையது, அதைப் பாடிக்கொண்டிருப்பவர்கள் இவர்கள்தான்!

விழுங்கப்பட்ட இடத்தில் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? ஏகேஜி 1947ல் வியன்னா நகரில் தோன்றிய நிறுவனம். எழுபது ஆண்டு வேலை நடந்த அந்த வியன்னாக் கூடத்தை 2017ல் மூடினார்கள். பெயர் மட்டும் பெட்டியில் மிஞ்சியது. அந்தப் பெயருக்கு மதிப்புத் தேடித் தந்த கைகள் வெளியே தள்ளப்பட்டன.

அதே சாம்சங்கின் முகத்தைப் பார்க்க வியன்னா வரை போக வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் குளிர்சாதனப் பெட்டியும் டெலிவிஷனும் செய்யும் ஆலைத் தொழிலாளர்கள், தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கக் கோரி 2024 செப்டம்பர் 9ந் தேதி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 37 நாள் நின்றார்கள். சங்கத்தைப் பதிவு செய்வதற்குக்கூட நீதிமன்றப் படி ஏறவேண்டி வந்தது. 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. உலகம் முழுவதும் உள்ள காதுகளுக்கு ஓசை விற்கும் கம்பெனிக்குத் தன் தொழிலாளியின் குரல் மட்டும் கேட்கவில்லை!

கம்பியை அறுத்தது ஏன்?

2016 செப்டம்பரில் ஆப்பிள் தன் செல்போனிலிருந்து ஹெட்செட் செருகும் துளையை எடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் கம்பியில்லா மொட்டுகளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பின்னால் மற்றக் கம்பெனிகளும் அதே வழியில் போயின. வாசலை அடைத்துவிட்டுச் சன்னலுக்கு டிக்கெட் விற்றார்கள்.

கம்பி உள்ள ஹெட்செட் சில நூறு ரூபாய். சார்ஜ் போட வேண்டாம். கம்பி அறுந்தால் பட்டறைக்காரர் பற்றவைத்துத் தருவார். கம்பியில்லா மொட்டுக்குள் பட்டாணி அளவு பேட்டரி. அதைப் பசை போட்டு ஒட்டி மூடியிருக்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டில் பேட்டரி தளர்ந்தால் மொட்டையே தூக்கி எறிய வேண்டியதுதான். பழுது பார்க்க எவ்வளவு தோது என்று கருவிகளுக்கு மார்க் போடும் ஐபிக்ஸிட் என்ற நிறுவனம், ஆப்பிளின் முதல் மொட்டுக்குப் பத்துக்குப் பூஜ்யம் போட்டது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற வழி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் 2023ல் சட்டம் செய்து, 2027 பிப்ரவரியில் அமல் என்று நாளும் குறித்தது. நம் சர்க்காருக்கு அப்படி ஒரு சட்டம் செய்யக் கை ஏன் வரவில்லை?

இன்னொரு சங்கதி உண்டு, பலருக்குத் தெரியாது. செல்போனில் எப்.எம். வானொலி கேட்க, ஹெட்செட்டின் கம்பிதான் ஏரியலாக வேலை செய்கிறது. துளை போனால் கம்பி போயிற்று. கம்பி போனால் இலவச வானொலியும் போயிற்று. பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் டேட்டாக் காசு. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது மின்சாரமும் போயிற்று, செல்போன் கோபுரமும் செத்துக் கிடந்தது. அப்படிப்பட்ட நாளில் இரண்டு பேட்டரிக் கட்டையில் ஓடும் டிரான்சிஸ்டர்தான் உதவும். செல்போன்களில் எப்.எம். வேலை செய்ய வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2023ல் கம்பெனிகளுக்கு அறிவுரை சொன்னது. முதலாளிக்கு அறிவுரை, தொழிலாளிக்கு மட்டும் சட்டம்!

ஆலையில் போன காது

இனி மிக முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

காதுக்குள் இருக்கும் நுண்மயிர் உயிரணுக்கள் பேரோசையால் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. முதலில் உச்ச ஓசைகள் போகும். ஆள் பேசுவது கேட்கும். என்ன பேசுகிறார் என்பது விளங்காது. "பத்து" என்றாரா, "பட்டு" என்றாரா என்று திகைக்க வேண்டி வரும். கூலிக் கணக்கிலும் அந்தத் திகைப்பு வரும். லங்காஷயர் நெசவாலைகளில் பெண்கள் தறி இரைச்சலில் ஒருவர் உதட்டசைவை ஒருவர் பார்த்தே பேசிக்கொண்டார்கள். அதைச் சாமர்த்தியம் என்று மெச்சியவர் உண்டு. முதலாளி பறித்த காதுக்குப் பதிலாக அவர்கள் கண்ணைப் பழக்கிக்கொண்டார்கள் என்பதே உண்மை.

உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு இது: பாட்டுக் கேட்க 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி. 86 என்றால் 10 மணி. 89 என்றால் 5 மணிதான். செல்போனை உச்சத்தில் வைத்தால் 100ஐத் தொடவும் தாண்டவும் கூடியவை இருக்கின்றன. அந்த அளவில் வாரம் முழுவதற்கும் அரை மணிகூடக் கிடையாது.

இப்போது ஆலைக்குள் வாருங்கள். தறிக்கூடத்தின் இரைச்சல் 90ஐத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேரத்துக்கு 85 என்பதே நிபுணர் பலர் ஒப்பும் எல்லை. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளோ 90 வரை விட்டுவைத்து வந்தன. வித்தியாசம் ஐந்துதானே என்று எண்ணாதீர்கள். ஐந்து டெசிபல் என்றால் காதில் இறங்கும் ஒலியாற்றல் மும்மடங்கு!

இந்த இரைச்சலை மறக்கச் சில இளம் தோழர்கள் காதில் மொட்டைச் செருகிக்கொண்டு பாட்டை உச்சத்தில் வைக்கிறார்கள். இது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றும் வேலை. இரைச்சலை மீறிப் பாட்டு கேட்க வேண்டுமானால், பாட்டு இரைச்சலைவிட உரக்க ஒலித்தாக வேண்டும். காதுக்கு இரட்டை அடி. "இரைச்சலை ரத்து செய்யும்" விலையுயர்ந்த ஹெட்போன் போதுமே என்பாரும் உண்டு. அது பஸ் உறுமலையும் மின்விசிறியின் இரைச்சலையும் நன்றாகக் குறைக்கும். கீச்சென்ற கூர்மையான ஓசையை அவ்வளவு குறைக்காது. ஆலைக்குரிய காதுக் கவசம் என்று சான்று பெற்றதே கவசம். பாட்டுக் கருவி கவசமாகாது. அதை வாங்கித் தரும் கடமை முதலாளியினுடையது. நம் சட்டைப் பையினுடையதல்ல.

ஓடும் இயந்திரத்தின் அருகில், கதிரடிக்கும் மிஷின் அருகில், டிராக்டரில், ரயில் பாதையில், சாலையைக் கடக்கையில் கம்பி உள்ளதும் வேண்டாம், இல்லாததும் வேண்டாம். கம்பி பெல்ட்டில் மாட்டும். காது அடைத்தால் எச்சரிக்கைக் கூப்பாடு கேட்காது.

எதை வாங்குவது?

ஓய்வு நேரத்துக்கென்று வாங்கும் தோழர்கள் இவற்றைக் கவனித்தால் போதும்:

செல்போனில் துளை இருந்தால் கம்பி உள்ளதையே வாங்குங்கள். காதுக்குள் செருகும் ரகமென்றால் மூன்று அளவு ரப்பர் தொப்பி தருகிறார்களா என்று பாருங்கள். தொப்பி காதில் சரியாகப் பொருந்தாவிட்டால் தாழ்ந்த ஓசை முழுதும் கசிந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்தாலும் மேளம் தகரம் போலத்தான் கேட்கும். சரியாகப் பொருந்தினால் வெளி இரைச்சல் தடுக்கப்படும். குறைந்த ஒலியே போதும்.

பெட்டியில் 16 முதல் 32 ஓம் என்றிருந்தால் செல்போனுக்குச் சரி. 250, 300 ஓம் என்பவை தனிப் பெருக்கி கேட்கும், நமக்கு வேண்டாம். செருகியும் கம்பியும் சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள், அறுவது அங்கேதான். கம்பியைக் கழற்றி மாற்றக்கூடிய ரகம் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால் அதுவே மேல். தங்க முலாம், "எக்ஸ்ட்ரா பாஸ்", நடிகர் படம் ஆகியவற்றுக்கு ஒரு காசும் கூடத் தராதீர்கள். பில் வாங்குங்கள். கடனில் வாங்காதீர்கள்.

பக்கத்தில் நிற்பவர் சாதாரணக் குரலில் பேசுவது கேட்கவில்லையென்றால் ஒலியைக் குறையுங்கள். ஷிப்ட் முடிந்து காதில் இரைச்சல் ரீங்கரித்தால் அன்று காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

சங்கம் கேட்க வேண்டியது

கருவியைத் தேர்ந்தெடுப்பது ஒருவர் வேலை. காதைக் காப்பது அனைவர் வேலை. இரைச்சலால் வரும் செவிக்குறை 1948ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலேயே தொழில் நோயாக எழுதப்பட்டது. அந்தச் சட்டத்தின் இடத்தில் திணிக்கப்பட்ட 2020ம் வருடத் தொகுப்பாலும் அந்த வரியை அழிக்க முடியவில்லை. தொழில் நோய் என்றால் நஷ்ட ஈடு கேட்க இடமுண்டு. ஆனால் சோதனை இல்லையேல் சான்று இல்லை. சான்று இல்லையேல் ஈடு இல்லை. "வயசாயிற்று, காது மந்தம்" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே ஒவ்வொரு ஆலைச் சங்கமும் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கட்டும்: பகுதிவாரியாக இரைச்சலை அளந்து, தமிழில் அறிவிப்புப் பலகையில் ஒட்டு! சான்று பெற்ற காதுக் கவசத்தை இலவசமாகக் கொடு! கேம்ப் கூலி, காண்டிராக்ட் உட்பட எல்லாத் தொழிலாளருக்கும் ஆண்டுதோறும் செவித்திறன் சோதனை நடத்தி, முடிவை அவரவர் கையில் கொடு! இயந்திரத்தின் இரைச்சலைக் குறைக்கப் பணம் செலவிடு!

மாலையில் பாட்டுக் கேளுங்கள், தோழர்களே. கடனில்லாத கருவியில், மிதமான ஒலியில் கேளுங்கள். வாரத்துக்கு ஒரு மாலையாவது மொட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். அங்கே கேட்க வேண்டிய பேச்சு நிறைய இருக்கிறது. அதைக் கேட்க நமக்குக் காது மிஞ்ச வேண்டும்!